இ-ஹெய்லிங் காரில் அத்துமீறல் நடந்தால்: சுங்கை சிப்புட் பெண்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

ஈப்போவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் கிராணியாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பு முடிந்ததும் பாய் சுருட்டுகிற நேரத்தில் யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து நிற்பாள். "அக்கா, என் ஃபிரண்டுக்கு ஒன்னு நடந்துச்சு..." என்று ஆரம்பிப்பாள். யார் அந்த ஃபிரண்ட் என்று நான் கேட்பதில்லை.

தொழிற்சாலை பஸ் டவுனோடு நின்றுவிடும். அங்கிருந்து தோட்டத்துக்கோ தாமான் என்கிற குடியிருப்புக்கோ இரவு பதினோரு மணிக்கு நடந்து போக முடியாது, ஆப்பில் கார் கூப்பிடத்தான் வேண்டும். நம் ஊரில் எந்த ஆப்பாக இருந்தாலும் பேர் 'கிராப்'தான். இங்கே எழுதுவது எந்த ஒரு கம்பெனியையும் பற்றியது அல்ல, அதனால் இ-ஹெய்லிங் என்றே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. இங்கே இருப்பது தீபகற்ப மலேசியாவில் நடப்பில் உள்ள பொதுவான சட்டம். உங்கள் விஷயத்துக்கு ஒரு வக்கீலிடம் உட்கார்ந்து பேசத்தான் வேண்டும்.

தொடையில கைய வச்சான், அவ்வளவுதான். வேற ஒன்னும் பண்ணல. இதெல்லாம் ஒரு கேஸா?

கேஸ்தான். மானபங்கம் செய்யும் நோக்கத்தோடு ஒருவர் மேல் பலவந்தம் காட்டுவது பீனல் கோட் என்கிற குற்றச் சட்டத்தின் 354வது பிரிவில் குற்றம். பத்து ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி என்ற மூன்றில் ஏதாவது இரண்டு வரை கிடைக்கலாம். தொடவே இல்லை, ஆபாசமாகப் பேசினான், கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே அசிங்கமாகச் சைகை காட்டினான் என்றால் 509வது பிரிவு இருக்கிறது. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை.

பாலியல் வல்லுறவுக்கு 376வது பிரிவில் இருபது ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. விரலையோ ஏதாவது பொருளையோ பயன்படுத்தியிருந்தால் அது 377சிஏ பிரிவு, அதற்கும் இருபது ஆண்டு வரை. எந்தப் பிரிவு என்று நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும். 'அவ்வளவுதான்' என்ற சொல்லை மட்டும் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

இப்பதான் நடந்துச்சு. முதல்ல பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போறதா, ஆஸ்பத்திரிக்கா?

இன்னும் ஆபத்தில் இருந்தால் 999. அது இல்லையென்றால் அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஓஎஸ்சிசி என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் என்பதன் சுருக்கம். 1990களில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆரம்பித்து மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்குப் பரவியது. டாக்டர், போலீஸ், ஆலோசகர் என்று ஒவ்வொரு கவுண்டராக அலைந்து ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், தனி அறையில் உட்காரவைத்து அவர்களை அங்கே வரவழைப்பதுதான் அதன் நோக்கம். நம் பக்கத்துக்குப் பெரிய மருத்துவமனை என்றால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன். கவுண்டரில் எல்லார் முன்னாலும் விவரம் சொல்ல வேண்டியதில்லை. "ஓஎஸ்சிசி" என்று ஒரு சொல் சொன்னால் விளங்கிவிடும்.

அவசரம் எதற்கு என்றால், எச்ஐவி தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். கர்ப்பம் தரிக்காமல் இருக்க எடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. உடம்பில் உள்ள தடயமும் மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். முடிந்தால் குளிக்காமல், உடை மாற்றாமல் போங்கள். மாற்றிவிட்டால் அந்தத் துணியைக் காகிதப் பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுப்போகும்.

குளிச்சிட்டேன்க்கா. துணியையும் மெஷின்ல போட்டுட்டேன். இனிமே போய் என்ன புண்ணியம்?

குளிக்காமல் இருப்பவர்கள்தான் குறைவு. அருவருப்பு அப்படி. மேலே சொன்ன மருந்துகளுக்காகவாவது போங்கள். குளித்த பிறகும் நகத்துக்கு அடியில், உள்ளாடையில், காயத்தில் ஏதாவது இருக்கலாம். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நீங்களே முடிவு கட்ட வேண்டாம். உடம்பில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் கேஸ் போய்விடாது. காரில் நடக்கும் குற்றத்துக்கு வேறு சாட்சிகள் உண்டு, அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஃபோன்ல என்னென்ன எடுத்து வச்சுக்கணும்?

பயண வரலாற்றில் உள்ள எல்லாம். டிரைவர் பெயர், படம், கார் நம்பர், ஏறிய இடம், இறங்கிய இடம், நேரம், கட்டணம், ஆப்பில் பேசிய சாட். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். ஆத்திரத்தில் ஆப்பையே அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

வாடகைக் காரில் நடந்ததற்கு இது ஒரு பலம். பயணம் எந்த வழியாகப் போனது என்று ஜிபிஎஸ் பதிவு கம்பெனியிடம் இருக்கும். நேர் ரோட்டை விட்டுச் செம்பனைக் காட்டுக்குள் திரும்பியது, எட்டு நிமிடம் நின்றது எல்லாம் அதில் தெரியும். அந்தப் பதிவை அழிக்காமல் வைத்திருக்கும்படி கம்பெனிக்கு எழுத்தில் கேளுங்கள். போலீஸிலும் அதைச் சொல்லுங்கள், அவர்களால் கேட்டு வாங்க முடியும். வழியில் பெட்ரோல் நிலையம், கோயில், கடை என்று கேமரா இருக்கும் இடங்கள் ஞாபகம் வந்தால் அன்றே எழுதிவையுங்கள். அந்தக் கேமராக்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

அன்று ராத்திரி அக்காவுக்கோ தோழிக்கோ அழுதுகொண்டே அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இருக்கிறதா? அதை அழிக்காதீர்கள். நடந்த கையோடு ஒருவரிடம் சொன்னது உங்கள் வாக்குமூலத்தைத் தாங்கும் சாட்சியமாக நீதிமன்றத்தில் வரலாம். யாரிடமும் சொல்லவில்லை என்றால், ஞாபகம் இருக்கும்போதே தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

நடந்தது சிம்மோர் பக்கம், நான் இருக்கிறது சுங்கை சிப்புட். எந்த பாலாய்ல கொடுக்கிறது? எனக்கு மலாய் வேற சரியா வராது.

எந்த பாலாயிலும் கொடுக்கலாம். "இது எங்க ஏரியா இல்ல" என்று சொன்னாலும் புகாரை எழுதிக்கொண்டு உரிய இடத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை. பாலியல் குற்றங்களை விசாரிக்கத் தனிப் பிரிவு இருக்கிறது, அதற்கு டி11 என்று பேர். பெண் அதிகாரி வேண்டும் என்று கேளுங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மொழிதான் பெரிய விஷயம், இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நீங்கள் தமிழிலோ உடைந்த மலாயிலோ சொல்வதை அவர்கள் மலாயில் டைப் செய்வார்கள். கையெழுத்துப் போடும் முன் படித்துக்காட்டச் சொல்லுங்கள். சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் உரிமை. 'பெகாங்' என்றால் பிடித்தான், தொட்டான். 'ராபா' என்றால் தடவினான். இரண்டும் ஒன்றல்ல. நீங்கள் ஒன்றைச் சொல்லி அங்கே மற்றொன்று ஏறிவிட்டால், இரண்டு வருஷம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு "அன்றைக்கு இப்படிச் சொன்னாயே" என்று நிற்பார். என் வேலையில் அதிகம் பார்த்தது இதைத்தான்.

ரிப்போர்ட் சுருக்கமாகத்தான் இருக்கும். விரிவான வாக்குமூலத்தை விசாரணை அதிகாரி பிறகு எடுப்பார். வெட்கப்பட்டு விட்டுப்போனதை அப்போது சேர்த்துச் சொல்லலாம். ரிப்போர்ட்டின் நகலை வாங்கிக்கொண்டு வாருங்கள், அந்த நம்பர் பிறகு எல்லாவற்றுக்கும் தேவைப்படும்.

கர்ப்பமாயிட்டா என்ன செய்யறது? கலைச்சா ஜெயிலா?

மலேசியாவில் கருக்கலைப்புக்கு முழுத் தடை இல்லை. கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கோ, உடல் நலத்துக்கோ, மன நலத்துக்கோ கலைப்பதைவிட அதிகக் கேடு வரும் என்று பதிவு பெற்ற டாக்டர் நல்லெண்ணத்தோடு கருதினால் அவர் அதைச் செய்யலாம். 312வது பிரிவிலேயே அந்த விலக்கு எழுதப்பட்டிருக்கிறது. மன நலம் என்ற சொல்லைக் கவனியுங்கள். ஓஎஸ்சிசி டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். டவுனில் மாத்திரை விற்பவனிடம் போகாதீர்கள்.

ரெண்டு வருஷம் ஆச்சுக்கா. இப்பப் போய்ச் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?

குற்ற வழக்குக்கு இந்த நாட்டில் காலக்கெடு கிடையாது. ஏன் தாமதம் என்று கேட்பார்கள், அது நிச்சயம். பயம், அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்ற நினைப்பு, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்று எதுவாக இருந்தாலும் உண்மையைச் சொல்லுங்கள். அழகான காரணம் தேடாதீர்கள்.

நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு மட்டும் பொதுவாக ஆறு ஆண்டு. நடந்தபோது பதினெட்டு வயது ஆகவில்லை என்றால் அந்த ஆறு ஆண்டு பதினெட்டு முடிந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும்.

உடம்புல ஒரு கீறல்கூட இல்ல. நான் கத்தவும் இல்ல, அப்படியே உறைஞ்சு போயிட்டேன். யார் நம்புவா?

காயம் இருந்தால்தான் குற்றம் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. உயிருக்கோ உடம்புக்கோ பயந்து இணங்கினால் அது சம்மதம் ஆகாது என்று வல்லுறவை விளக்கும் 375வது பிரிவே சொல்கிறது. கதவு பூட்டிய கார், இருட்டு, இரண்டு பக்கமும் செம்பனை, சிக்னல் இல்லாத போன். அந்த இடத்தில் ஒருத்தி ஏன் கத்தவில்லை என்று கேட்பவர் அந்த ரோட்டில் ராத்திரி போயிருக்க மாட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சட்டம் கட்டாயமாக்காவிட்டாலும், உங்கள் வாக்குமூலத்துக்குத் துணையாக வேறு சாட்சியம் இருக்கிறதா என்று நீதிபதிகள் தேடுவது வழக்கம். அதனால்தான் ஃபோனில் உள்ளதைப் பற்றி அவ்வளவு நீளமாக எழுதினேன்.

டிரைவர் முஸ்லிம். கேஸ் ஷரியா கோர்ட்டுக்குப் போயிடுமா?

போகாது. பீனல் கோட் எல்லா மதத்தாருக்கும் ஒன்றுதான், ஷரியா அல்லாத சாதாரண நீதிமன்றத்தில்தான் நடக்கும். இது அடிக்கடி வரும் கேள்வி. பதில் இவ்வளவுதான்.

ஆப்ல ரிப்போர்ட் பண்ணேன். அவன் அக்கவுண்ட்ட நிறுத்திட்டாங்களாம். போதும்தானே?

கம்பெனி அக்கவுண்டை நிறுத்துவது அவர்களுடைய வியாபார முடிவு. அது தண்டனை அல்ல, போலீஸ் புகாரும் அல்ல. அடுத்த மாதமே வேறு ஆப்பில் அவன் ஓட்டலாம். அதைத் தடுக்க வேண்டுமானால் அபாட் என்கிற தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனத்திலும் புகார் கொடுங்கள். இ-ஹெய்லிங் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுப்பது அதுதான். டிரைவருக்கு 2019லிருந்து பிஎஸ்வி என்கிற, பயணிகளை ஏற்றி ஓட்டுவதற்கான லைசன்ஸ் வேண்டும், அதற்கு முன்பு குற்றப் பின்னணி பார்ப்பார்கள். குற்றப் பின்னணி என்று ஒன்று பதிவாக வேண்டுமானால் யாராவது ஒருவர் போலீஸில் சொல்லியிருக்க வேண்டுமே.

ஆப்ல கார் கிடைக்கல. எப்பவும் வர்ற அங்கிள்தான்னு வாட்ஸ்அப்ல கூப்பிட்டேன். இது கேஸ் ஆகுமா? இன்னொன்னு, படத்துல இருந்த ஆள் வேற, ஓட்டினவன் வேற.

முதல் விஷயம் நம் ஊரில் ரொம்பச் சாதாரணம். தோட்டப் பக்கம் ஆப்பில் கார் விழாது, அதனால் ஒருமுறை வந்த டிரைவரின் நம்பரை எல்லாரும் வைத்திருப்பார்கள். உரிமம் இல்லாமல் ஓடிய பழைய வாடகைக் கார், அந்த பிரீபெட் சாப்பு வழக்கம்தான் இது. குற்றம் குற்றம்தான், ஆப் வழியாக ஏறினாலும் ஏறாவிட்டாலும் மேலே சொன்ன பிரிவுகள் அப்படியே பொருந்தும். ஆப்புக்கு வெளியே கூப்பிட்டதால் கம்பெனியிடம் பயணப் பதிவு இருக்காது, அவர்கள் மேல் கேள்வி கேட்பதும் கஷ்டம். வாட்ஸ்அப் பேச்சும் காசு அனுப்பிய ரசீதும்தான் அங்கே உங்கள் சாட்சி. அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை, யாராவது அப்படிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆள் மாறியிருந்தால் அதை ரிப்போர்ட்டிலேயே சொல்லுங்கள். அக்கவுண்டை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கார் நம்பரும் அக்கவுண்ட் பெயரும் இரண்டு தனித் தடங்கள், போலீஸ் இரண்டையும் பிடித்துப் போகும். ஆளை மாற்றி ஓட்டியதை ஏன் கவனிக்கவில்லை என்ற கேள்வி கம்பெனி மேல் வழக்குப் போடும்போதும் உதவும்.

பொண்ணுக்கு 15 வயசு. டியூஷனுக்கு எப்பவும் அதே டிரைவர்தான். அவளே சம்மதிச்சாள்னு சொல்றான்.

பதினாறு வயதுக்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே கிடையாது. உடலுறவு நடந்திருந்தால் அது வல்லுறவுதான், அவள் என்ன சொல்லியிருந்தாலும் சரி. தொட்டது, தொடவைத்தது எல்லாம் 2017ஆம் ஆண்டு வந்த சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில் வருகிறது. இது பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். பாலியல் நோக்கத்தோடு தொட்டால் இருபது ஆண்டு வரை சிறை, பிரம்படியும் உண்டு. ஆபாசமாகப் பேசினால், படம் காட்டினால் பத்து ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் மறைத்தால் அந்தச் சட்டத்தின் 19வது பிரிவில் அதுவே குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம். பெயர் கெட்டுவிடும் என்ற பயத்துக்குச் சொல்கிறேன்: பிள்ளையின் பெயர், படம், பள்ளி என்று அடையாளம் தெரியும்படி எதையும் பத்திரிகையில் போடக் கூடாது என்று 2001ஆம் ஆண்டு சிறார் சட்டம் தடுக்கிறது. நீதிமன்றத்தில் திரைக்குப் பின்னாலோ வீடியோ வழியாகவோ சாட்சி சொல்லலாம், துணைக்கு ஒரு பெரியவர் உட்காரலாம். ஜபாத்தான் பந்துவான் குவாமான் என்கிற சட்ட உதவித் துறையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 'பெண்டாம்பிங் குவாமான்' என்ற துணைச் சேவை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

பையனுக்கு நடந்தா?

354வது பிரிவும் 2017ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டமும் ஆண் பெண் பார்ப்பதில்லை. 375வது பிரிவில் மட்டும் பாதிக்கப்பட்டவர் பெண் என்றுதான் இருக்கிறது. பையன்களுக்கு அந்த இடத்தில் 377சி பிரிவு வரும், ஐந்திலிருந்து இருபது ஆண்டு சிறையும் பிரம்படியும். மற்றதெல்லாம் ஒன்றுதான். ஓஎஸ்சிசியும் பையனைத் திருப்பி அனுப்பாது.

எனக்கு ஐசி சிவப்பு. அக்கா மகளுக்கு ஐசியே இல்ல. எங்க பேச்சு எடுபடுமா?

குற்றச் சட்டம் அடையாள அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. பாதிக்கப்பட்டவர் குடிமகளாக இருக்க வேண்டும் என்று எந்தப் பிரிவிலும் இல்லை. சிவப்பு ஐசி என்றால் நீங்கள் நிரந்தரவாசி, அட்டையைக் காட்டிவிட்டு நேராகப் போங்கள். எந்தப் பத்திரமும் இல்லாத பெண்ணைத் தனியாக பாலாய்க்கு அனுப்பாதீர்கள், விசாரணை வேறு பக்கம் திரும்பிவிடலாம். ஈப்போவில் பெராக் பெண்கள் அமைப்பான 'பெராக் விமன் ஃபார் விமன்' இருக்கிறது. முதலில் அவர்களிடம் பேசி, ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போகலாம்.

போலீஸ், கோர்ட்டுன்னு அலைய முடியாது. ஆனா அவன சும்மா விடவும் மனசு வரல. வேற வழி உண்டா?

உண்டு. 2022ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தில் ஒரு நடுவர் மன்றம் அமைத்திருக்கிறார்கள், 2024 மார்ச் முதல் புகார் வாங்குகிறது. வேலை இடத்தில் நடந்தால்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, காரில் நடந்ததையும் கொண்டு போகலாம். வக்கீல் வேண்டாம், மூடிய அறையில் விசாரணை, முதல் விசாரணையிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். 250,000 ரிங்கிட் வரை நஷ்டஈடும் மன்னிப்பும் உத்தரவாக வரலாம். உத்தரவை மீறினால் அதுவே குற்றம்.

இன்னொன்று சாதாரண சிவில் வழக்கு. பாலியல் தொல்லைக்கு நேரடியாக நஷ்டஈடு கேட்கலாம் என்று 2016இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். சிவிலில் அவ்வளவு வேண்டாம், உங்கள் பக்கம்தான் உண்மையாக இருக்கும் என்று தராசு சாய்ந்தால் போதும். ஒரே விஷயத்தை நடுவர் மன்றத்திலும் சிவில் நீதிமன்றத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். போலீஸ் புகார் தனி வழி, அது இரண்டையும் அடைக்காது. வல்லுறவு போன்ற கடுமையான குற்றத்தை நடுவர் மன்றத்தோடு முடித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அங்கே யாரும் சிறைக்குப் போவதில்லை. ஆனால் முடிவு உங்களுடையது.

அமெரிக்காவுல கம்பெனி மேலயே கேஸ் போட்டு கோடிக்கணக்குல கேக்குறாங்களே, யூடியூப்ல பார்த்தேன். நாமளும் போடலாமா?

அமெரிக்காவில் நடப்பது உண்மைதான். 2017, 2018 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்த நாட்டுப் பயணங்களில் 5,981 பாலியல் தாக்குதல் புகார்கள் வந்ததாக ஊபர் தன் பாதுகாப்பு அறிக்கையில் தானே வெளியிட்டது. கூட்டாட்சி நீதிமன்றங்களில் இருந்த வழக்குகளை 2023இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே நீதிபதியின் கீழ் சேர்த்தார்கள். அந்த வழக்குகளின் சாரம், ஆபத்து இருப்பது தெரிந்தும் கம்பெனி போதிய காவல் செய்யவில்லை என்பது. யூடியூப்பில் வரும் அந்த ஊர் வக்கீல்களின் விளம்பரம் அந்த ஊரில் நடந்த பயணங்களுக்குத்தான். சுங்கை சிப்புட்டில் நடந்ததற்கு இங்கேதான் வழக்கு.

இங்கே முதல் முட்டுக்கட்டை, "டிரைவர் எங்கள் தொழிலாளி இல்லை, நாங்கள் இடையில் இணைத்துவிடுகிறவர்கள்தான்" என்ற வாதம். நீங்கள் படிக்காமல் ஓகே அழுத்திய நிபந்தனைகளில் அது எழுதியிருக்கும். அதைத் தாண்ட வேண்டுமானால் கம்பெனியின் சொந்தக் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். அதே டிரைவர் மேல் முன்பே வந்த புகாரைக் கிடப்பில் போட்டது, பிஎஸ்வி இல்லாமல் ஓட்டவிட்டது, ஆள் மாறாட்டத்தைக் கண்டுகொள்ளாதது, இப்படி ஏதாவது. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் இதைத் தீர்த்துவிடும் என்று ஒரு அண்ணன் சொன்னார். அது டிரைவர்களின் உரிமைக்கான சட்டம், பயணிக்கானது அல்ல.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு இல்ல. ஜெயிச்சா பாதி தர்றேன்னு பேசலாமா?

கூடாது. அமெரிக்காவில் அது வழக்கம், இங்கே வழக்காடும் வேலைக்கு அப்படி ஒப்பந்தம் போட வக்கீல்களுக்குத் தடை இருக்கிறது. யாராவது அப்படிப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள். போலீஸ் கேஸுக்கு நீங்கள் வக்கீலே வைக்க வேண்டியதில்லை, அரசு வழக்கறிஞரான டிபிபிதான் நடத்துவார். குற்றம் நிரூபணமானால் அவர் கேட்டு நீதிமன்றம் உங்களுக்கு நஷ்டஈடு உத்தரவிடவும் முடியும். சிவிலுக்கு, வருமானம் குறைவு என்றால் சட்ட உதவித் துறையையோ ஈப்போவில் உள்ள வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ கேளுங்கள்.

அவங்க வீட்டுப் பெரியவங்க வந்து பேசுறாங்க. பத்தாயிரம் வெள்ளி தர்றாங்களாம், ரிப்போர்ட்ட வாபஸ் வாங்கணுமாம்.

இது எனக்கு மிகவும் கோபம் வரும் கேள்வி. கோயில் கமிட்டி ஆள் ஒருவர் நடுவில் இருப்பார், "பொண்ணு வாழ்க்கை" என்பார்கள், காபி ஆறிப்போகும். சட்டம் இதுதான்: வழக்கை நடத்துவதா இல்லையா என்பது அரசு வழக்கறிஞர் கையில். வல்லுறவு ரிப்போர்ட்டை நீங்கள் நினைத்தால் வாபஸ் வாங்க முடியாது. குற்றத்தை மறைப்பதற்காகக் காசு வாங்குவது 213வது பிரிவில் வாங்கியவருக்கே குற்றம். பாதிக்கப்பட்டவள் குற்றவாளியாக நிற்கும் நிலையை உண்டாக்கத்தான் அந்தப் பெரியவர்கள் வந்திருக்கிறார்கள், தெரிந்தோ தெரியாமலோ.

யார் வந்தார், எப்போது வந்தார், என்ன சொன்னார் என்று எழுதிவைத்து விசாரணை அதிகாரியிடம் சொல்லுங்கள். நஷ்டஈடு வாங்க நேரான வழிகளை மேலே சொல்லியிருக்கிறேன்.

அவன் போட்டோவ ஃபேஸ்புக்ல போட்டு விட்டுட்டா?

ஆசை புரிகிறது. ஆனால் அவன் உங்கள் மேல் அவதூறு வழக்குப் போடலாம், உங்கள் அடையாளமும் வெளியே வந்துவிடும், அவனும் உஷாராகிச் சாட்சியை அழிப்பான். போலீஸ், கம்பெனி, அபாட் என்று உரிய இடத்தில் புகார் கொடுப்பது வேறு, ஊருக்குப் பரப்புவது வேறு.

அவன் வழக்குப் போடுவானே என்று புகார் கொடுக்கவே பயப்படுகிறவர்களுக்கு அந்த 2016ஆம் ஆண்டுக் கேஸின் கதையைச் சொல்கிறேன். முதலில் வழக்குப் போட்டது புகாருக்கு ஆளான ஆண்தான், தன் மேல் புகார் கொடுத்தாள் என்று. அந்தப் பெண் அதே வழக்கில் எதிர் வழக்குப் போட்டாள். கடைசியில் 120,000 ரிங்கிட் கொடுக்க வேண்டியவர் அவரானார்.

அவனுக்கு வீடு தெரியும். பெயில்ல வந்துட்டு லயத்துப் பக்கம் சுத்துறான், புது நம்பர்ல மெசேஜ் பண்றான்.

ஒவ்வொரு முறைக்கும் புது ரிப்போர்ட் கொடுங்கள். பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது 2023 மே மாத இறுதியிலிருந்து 507ஏ பிரிவில் தனிக் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. திரும்பத் திரும்பச் செய்ததைக் காட்ட வேண்டும் என்பதால்தான் ஒவ்வொன்றையும் பதியச் சொல்கிறேன். அவன் உங்களை நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவும் போலீஸ் வழியாகக் கேட்க முடியும். மிரட்டினால் அது வேறு குற்றம். சாட்சியைத் தொந்தரவு செய்கிறான் என்று தெரிந்தால் பெயிலை ரத்து செய்யும்படி டிபிபி கேட்கலாம்.

கோர்ட்டுல வக்கீல் கேவலமா கேப்பானாமே? எத்தனை பேரோட பழகினேன்னு எல்லாம்?

வல்லுறவு வழக்கில் மற்ற ஆண்களோடு உங்களுக்கு இருந்த உறவைப் பற்றிக் கேட்பதைச் சாட்சியச் சட்டத்தின் 146ஏ பிரிவு, சில விலக்குகள் தவிர, தடுக்கிறது. கேட்டால் டிபிபி எழுந்து ஆட்சேபிக்க வேண்டும், அதை முன்கூட்டியே அவரிடம் ஞாபகப்படுத்துங்கள். மூடிய நீதிமன்றத்தில் விசாரிக்கக் கேட்கலாம். ஆனாலும் குறுக்கு விசாரணை கஷ்டமாகத்தான் இருக்கும். ஒரு நாள் சாட்சி சொல்லிவிட்டு வந்தால் இரண்டு நாள் தூக்கம் வராது என்று சொல்லியிருக்கிறார்கள். கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வது தப்பாகப் பட்டால் அங்கேயே சொல்லுங்கள்.

சாட்சி சொல்ல வரும்படி நீதிமன்றம் அனுப்பும் சப்பீனா வந்தால் அதை வேலை இடத்து மேனேஜரிடம் காட்டுங்கள். எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு, தண்டனைக்கு முன், இது உங்களை என்ன செய்தது என்று நீதிபதியிடம் சொல்ல உங்களுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு. நீங்கள் கேட்டால்தான் அழைப்பார்கள்.

ரிப்போர்ட் கொடுத்து ஆறு மாசம். ஒன்னும் தெரியல.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவைச் சொல்லி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகியிருந்தால், கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். வராவிட்டால் அரசு வழக்கறிஞரிடம் முறையிடலாம். வாயால் கேட்டால் "இன்னும் சியாசத்தான்", அதாவது விசாரணையில் இருக்கிறது, என்பதோடு முடிந்துவிடும். மேல் நடவடிக்கை இல்லை என்று மூடிவிட்டார்கள் என்றாலும் புதிய சாட்சியோடு திரும்பத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். நடுவர் மன்றமும் சிவில் வழக்கும் அப்போதும் திறந்தே இருக்கும்.

எனக்கு 19 வயசு. அம்மாவுக்குத் தெரியாம இதெல்லாம் செய்ய முடியுமா?

முடியும். பதினெட்டு ஆகிவிட்டால் ஆஸ்பத்திரியிலும் பாலாயிலும் உங்கள் கையெழுத்து போதும். பிறகு தொடர்புகொள்ள வீட்டு நம்பருக்குப் பதில் உங்கள் சொந்த நம்பரைக் கொடுங்கள். கடிதம் வீட்டுக்கு வரக் கூடாது என்றால் வேறு முகவரி சொல்லுங்கள். இன்னும் முடிவெடுக்கவில்லை, பேசினால் மட்டும் போதும் என்றால் தாலியான் காசே என்கிற உதவித் தொலைபேசி 15999, நாள் முழுக்க எடுப்பார்கள். வீட்டில் யார் காதிலும் விழாமல் பேச இடம் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவும் இடத்தில் யாரும் வர மாட்டார்கள்.